பொம்மைக்காரர் செத்த வருஷம்

உங்களில் பலபேர் வீட்டில் கொலு வைத்திருப்பீர்கள். பரணிலிருந்து பெட்டியை இறக்கி, பழைய வேட்டித் துணியைப் பிரித்து, மூக்கு உடைந்ததா விரல் உடைந்ததா என்று பார்த்துப் படியில் ஏற்றியிருப்பீர்கள். நான் பொம்மைக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வளர்ந்தவள். உள்ளே இருப்பது பரீட்சைத்தாள், பழைய செய்தித்தாள், வெந்தயம், மைதாப் பசை, பூச்சி வராமலிருக்கக் கொஞ்சம் துத்தம். எல்லாவற்றையும் ஊறப்போட்டு இடித்தால் ஒரு கூழ் வரும். அந்தக் கூழை இடித்தவள் என் அம்மா.

பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு பொம்மைக்கா இவ்வளவு என்று கேட்டுவிட்டு போனுக்குள் போய்விடுகிறார்கள். நீங்கள் என் வயதுக்காரர்கள், கொஞ்சம் பொறுமையாகக் கேட்பீர்கள்.

காஞ்சிபுரத்தில் அப்போது தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. பொம்மை செய்கிற தெருவில் தறி இல்லை. ஆனால் இரண்டு பக்கத்துத் தெருக்களிலிருந்தும் அந்தச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். அதற்கு மேலே அம்மாவின் உலக்கைச் சத்தம். பள்ளிக்கூடம் விட்டு நான் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வருவேன். பின்பக்கச் சந்து வழியாகப் போனால் கிணறு, தொட்டி, உரல், அம்மா. முன்வாசல் வழியாக அவள் போய் நான் பார்த்ததில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லியும் கேட்டதில்லை. யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. நாங்கள் ஊருக்கு வெளியே இருந்த காலனி. எங்களுக்கு மாதா கோயில். பொம்மைக்காரர் வீட்டில் சமையற்கட்டுக் கதவு வரைக்கும்தான் எங்கள் எல்லை.

பொம்மைக்காரர் ஒல்லியான மனிதர். பனியன் முழுக்க, பொம்மைக்குப் பூசுகிற வெள்ளை காய்ந்து அப்பியிருக்கும். ஒரு இடத்தில் இருக்கமாட்டார். ஒரு பொம்மைக்குக் காது வைத்துக்கொண்டிருப்பவர் பாதியில் எழுந்துபோய் இன்னொன்றின் முட்டியை உப்புத்தாளால் தேய்ப்பார். அதையும் விட்டுவிட்டு வெயிலில் காய்கிற பொம்மைகளைத் திருப்பி வைப்பார். அம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அவள் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"ஏ தென்னேரி, கூழ்ல கட்டி தட்டுது பாரு. யாருக்கு இடிக்கிற, மாட்டுக்கா?"

அச்சு செய்யத் தென்னேரி ஏரி மண்தான் அவருக்கு வேண்டும். அம்மாவின் அப்பா அந்த மண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்து போடுகிறவர். சின்ன வயதில் மண்மேல் உட்கார்ந்துகொண்டே அம்மாவும் வருவாளாம். பிறகு என் அப்பாவைக் கட்டிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கே வந்தபோது நேராக அந்த வீட்டுச் சந்துக்குள் போய் வேலை கேட்டிருக்கிறாள். கூழ் நன்றாக இருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அம்மா காய்ச்சலில் படுத்த நாட்களில் வேறு யாராவது இடித்து வைத்தால் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, அந்தக் கூழைத் தொடவே மாட்டாராம்.

அவர் செய்த காய்கறிக்காரி ஒருத்தி பின்பக்கத் திண்ணையில் இருந்தாள். கூடையை முன்னால் வைத்துக்கொண்டு, வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்னும் ஒரு நிமிஷத்தில் 'காலைல போணியே ஆவல, போம்மா' என்று சொல்லிவிடுவாள். எனக்கு அவள் முன்னால் நிற்கப் பயம். பின்னால் போய் நின்றுகொள்வேன். ஒருமுறை பொம்மைக்காரர் என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். என் முகத்தில் எதை எடுத்துக்கொண்டாரோ, எந்தப் பொம்மைக்கு வைத்தாரோ, தெரியாது.

அந்த வருஷம் ஆடியில் நல்ல மழை. பொம்மைகள் காயவில்லை. அவருக்குச் சிடுசிடுப்பு ஏறிக்கொண்டே இருந்தது. அந்தச் சிடுசிடுப்புக்கு நடுவில்தான், அச்சில் எடுக்காமல் கையாலேயே ஒரு பொம்மை கட்டினார். முழ உயரம். ஒரு பெண் ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் குழந்தை. குழந்தை பால் குடித்துத் தூங்கிவிட்டது. அவளுக்குக் கை மரத்துப்போய்விட்டது, ஆனாலும் எடுக்கமாட்டாள், எடுத்தால் அது விழித்துக்கொள்ளும். இவ்வளவும் அந்தத் தோளைப் பார்த்தாலே தெரியும். வெள்ளை பூசித் தேய்த்து வைத்திருந்தார். நிறம் கொடுக்கவில்லை, கண் எழுதவில்லை.

எங்கள் கோயிலில் மாதாவுக்குச் சொரூபம் இல்லை, கண்ணாடி போட்ட காலண்டர் படம்தான். ஒரு மாதா செய்து கொடுங்கள் என்று அம்மா அவரிடம் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பொம்மை வெள்ளையாக நின்ற அன்று, உலக்கையைச் சாத்திவிட்டு சமையற்கட்டுக் கதவருகே வந்து கேட்டாள்.

"ஐயா, இது மாதாதானே?"

"பாக்கலாம்," என்றார், திரும்பாமலே.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். "பாக்கலாம்னாரு. இல்லைன்னு சொல்லல பாத்தியா? இல்லைன்னா இல்லைன்னு மூஞ்சில அடிக்கிற ஆளு அவரு."

ஆவணி பிறந்த கொஞ்ச நாளில் அவர் செத்துப்போனார். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்தாராம். பிறகு எழுந்திருக்கவில்லை.

என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மா ஓடினாள். தெரு முழுக்கச் செருப்பு. முன்கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் தோளில் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். சொந்தக்காரிகள், அக்கம்பக்கத்துக்காரிகள், பொம்மை வாங்குகிற வீட்டுப் பெண்கள். நாங்கள் சந்து வழியாகப் போனோம். சமையற்கட்டுக் கதவிலிருந்து பார்த்தால் அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. வெள்ளை காய்ந்து ஒட்டிய பாதங்கள், யாரும் கழுவியிருக்கவில்லை. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வா என்று ஒருவரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அம்மா திரும்பினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முதல் நாள் ஊறப்போட்டிருந்த காகிதத்தை உரலில் அள்ளிப் போட்டு இடிக்க ஆரம்பித்தாள்.

யாரோ ஒருத்தி தண்ணீர் மொள்ள வந்தவள், "இன்னிக்கு இன்னாத்துக்கும்மா இடிக்கிற? நிறுத்து," என்றாள். அம்மா நிறுத்தவில்லை. முன்பக்கம் சங்கு ஊதினார்கள். பாடை கிளம்புகிற சத்தம் கேட்டது. அழுகை ஒருமுறை உயர்ந்து, தெருவோடு போய் அடங்கியது. அம்மா இடித்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு நைசான கூழை அவர் இருந்தபோதுகூட அவள் இடித்ததில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

அதற்குப் பிறகு அவளால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. பெருக்கின வாசலை மறுபடி பெருக்குவாள். நிறைந்த குடத்தைக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீருக்குப் போவாள். சோற்றை வடித்துவிட்டு, வடித்ததை மறந்து இன்னொரு உலை வைப்பாள். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். தென்னேரியில் இறங்கினோம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போவோம் என்று நினைத்தேன். நேராக ஏரிக்கரைக்குப் போய் நின்றாள். காற்று அடித்தது. தண்ணீர் பக்கம் போய்க் குனிந்து கொஞ்சம் மண்ணை எடுத்து உருட்டினாள், போட்டுவிட்டாள். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம். எதற்கு வந்தோம் என்று கேட்டேன். "சும்மா வா" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

குழாயடியில் பேச்சு ஆரம்பித்தது. "பொம்மைக்காரர் பொண்டாட்டியே எழுந்து நடமாட ஆரம்பிச்சிட்டாங்கோ. இவளுக்கு இன்னாவாம்?" என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை. புரிந்த வயதில் அதைச் சொன்னவள் உயிரோடு இல்லை.

அப்பா பஸ் டிப்போவில் டயர் மாட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். அவர் காதுக்கும் அது போயிருக்கவேண்டும். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"செத்தவன் உனக்கு யாரு?"

அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கேக்கறேனில்ல? கூலி குடுத்தவன் செத்துட்டா வேற எடத்துல வேலைக்குப் போவணும். இப்பிடியா பேய் புடிச்ச மாதிரி சுத்திக்கினு இருப்பாங்க? ஊரே சிரிக்குது."

"தெரிலங்க," என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து, கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவப் போனாள்.

பொம்மைக்காரர் வீட்டில் நவராத்திரிக்குச் சொல்லிவைத்த பொம்மைகள் வரிசையாக வெள்ளையாக நின்றன. அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்த மகன் லீவு போட்டு வந்து, வேறு தெருவிலிருந்து ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டு நிறம் கொடுக்க வைத்தான். பொம்மைக்காரர் மனைவி உள்ளறையிலேயே இருந்தாள். மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தவளை மட்டும் யாரும் தொடவில்லை. அது அவர் கடைசியாக வைத்த இடத்திலேயே, மேல் பலகையில் இருந்தது.

அம்மா மகனிடம் கேட்டாள். "தம்பி, அந்தப் பொம்மை, ஐயா எங்க கோயிலுக்குன்னு செஞ்சது."

"உங்க கோயிலுக்கா? யாரும்மா சொன்னது?"

"கேட்டுக்கினே இருந்தேன். பாக்கலாம்னாரு."

மகன் சிரித்துவிட்டான். "எங்க நைனா எல்லாருக்கும் பாக்கலாம்னுதாம்மா சொல்வாரு. நான் சைக்கிள் கேட்டப்பவும் அதேதான் சொன்னாரு. அது யசோதை."

"யசோதைன்னா கொழந்தை கையில வெண்ணெ இருக்கும் தம்பி. இது கைய மூடிக்கினு இருக்குது."

"தூங்கற கொழந்தை கையில எப்பிடிம்மா வெண்ணெ இருக்கும்?"

உள்ளறையில் இருந்த பொம்மைக்காரர் மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு எங்கள்மேல் கோபம் என்று நினைத்தேன்.

இரண்டொரு நாளில் வக்கீலம்மா காரில் வந்தாள். வருஷா வருஷம் அவரிடம் பொம்மை வாங்குகிறவள். முன்கூடத்தில் உட்கார்ந்து, "அவர் கையால கடைசியா செஞ்சது எது? அது நம்ம வீட்டுல இருக்கணும்," என்றாள். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகன் மேல் பலகையைக் காட்டினான். வக்கீலம்மா தன் தோளில் இருந்த சால்வையை எடுத்து அதில் பொம்மையைச் சுற்றி, காரில் ஏறி, கைக்குழந்தையை வைத்துக்கொள்வதுபோல மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா சந்து வழியாக ஓடித் தெருமுனைக்கு வந்தாள். கார் திரும்பிவிட்டது.

அன்று வக்கீலம்மாவை நான் எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா? பணக்காரி, திருடி, என்னென்னவோ. இப்போது யோசித்தால் அவளுடைய கண்ணீரும் நிஜம்தான் என்று தோன்றுகிறது. செத்தவருடைய கையைக் கொஞ்சம் தன் வீட்டில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று அவளும்தான் தவித்தாள். என்ன, அவளுக்குக் கேட்க வாய் இருந்தது, எடுத்துக்கொண்டு போகக் காரும் இருந்தது.

நவராத்திரி வந்தது. ஒரு சாயங்காலம் அம்மா குளித்து, கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டி, எனக்குத் தலை பின்னிப் பூ வைத்தாள். "வா, கொலு பாக்கப் போவலாம்," என்றாள். எங்கள் காலனியிலிருந்து யாரும் யார் வீட்டுக்கும் கொலு பார்க்கப் போனதில்லை.

வக்கீலம்மா வாசலுக்கே வந்து பார்த்தாள். பொம்மைக்காரர் வீட்டில் வேலை செய்கிறவள் என்று அடையாளம் தெரிந்துகொண்டாள். விரட்டுவாள் என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். "உள்ள வாம்மா," என்றாள் அவள், சாதாரணமாக.

படிகளில் விளக்கு வெளிச்சம். நடுப்படியில் அந்தப் பொம்மை. பச்சைப் புடவை, நகை, நெற்றியில் பொட்டு. குழந்தைக்கு நீல நிறம், தலையில் மயிலிறகு. பக்கத்தில் ஒரு சின்ன வெண்ணெய்ப் பானை வைத்திருந்தார்கள். பெரிய கண்கள் எழுதியிருந்தார்கள். அவை எங்களைப் பார்த்தன. அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அது யாரோ வேறு பெண் மாதிரி இருந்தது.

அம்மா நெடுநேரம் நின்றாள். பிறகு, "ஒரு தடவை கையில வாங்கிக்கட்டுமாம்மா?" என்றாள்.

"கொலு வச்சப்புறம் எடுக்கக்கூடாதும்மா. விஜயதசமி வரைக்கும் அசைக்கமாட்டோம்," என்றாள் வக்கீலம்மா. குரலில் கடுமை இல்லை. அம்மாவின் கை பாதி நீண்டிருந்தது. அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாததுபோல அப்படியே வைத்திருந்தாள். வக்கீலம்மா அந்தக் கையில் இலையில் மடித்த சுண்டலை வைத்தாள்.

வக்கீலம்மா வீட்டைப் பிள்ளைகள் பிறகு விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே பட்டுக்கடை வாகனங்கள் நிற்கின்றன. பொம்மை எந்த ஊரில், எந்தப் பரணில் இருக்கிறதோ தெரியாது. எங்கள் கோயிலுக்குப் பிற்பாடு மெட்ராஸிலிருந்து ஒரு மாதா வந்தாள். பொம்மைக்காரர் செய்தது யசோதையா மாதாவா என்பதை அவரைத் தவிர யாரும் சொல்லியிருக்க முடியாது. அவருக்கே தெரிந்திருந்ததா என்பதும் எனக்குச் சந்தேகம்.

அன்று வக்கீலம்மா வீட்டிலிருந்து வெளியே வந்ததும் அம்மா, "அதுல அவரு இல்லடி," என்றாள். சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

வீட்டுப் பக்கம் போகவில்லை. தேரடிக்குப் போனாள், அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து மறுபடி கோபுரத்துப் பக்கம். எங்கே பார்த்தாலும் சீரியல் பல்பு, ஒலிபெருக்கி, பட்டுப்பாவாடைப் பிள்ளைகள். என் செருப்பு அறுந்துவிட்டது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். "கால் வலிக்குதும்மா" என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்குக் கேட்கவில்லை. கடைசியில் பொம்மைத் தெருவுக்குள் திரும்பினாள். பின்பக்கச் சந்துக்குத் திரும்பாமல் தாண்டிப் போனாள். முன்வாசலில் நின்று கதவைத் தட்டினாள்.

அந்தத் தெருவில் அந்த ஒரு வீட்டில்தான் கொலு இல்லை. "யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தென்னேரிம்மா."

பொம்மைக்காரர் மனைவி கதவைத் திறந்தாள். அம்மாவையும் என்னையும் பார்த்தாள். "பொம்மைதான் போயிடிச்சேம்மா. இன்னும் இன்னா? நானும் அது இங்கயே இருக்கட்டும்னுதான் இருந்தேன். என்னை யாரு கேட்டாங்க?"

"பொம்மைக்கு வர்லம்மா."

"பின்ன?"

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "அழுவணும்மா. எங்க வூட்ல அழுவ முடியல."

பொம்மைக்காரர் மனைவியின் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. குழாயடிப் பேச்சு அவள் காதுக்கும் எட்டியிருக்குமோ என்னவோ. பிறகு கதவை நன்றாகத் திறந்து விலகி நின்றாள். "வா. உள்ள வந்து அழு," என்றாள். "அன்னிக்கே உன்னைக் கூப்ட்டிருக்கணும். எனக்குத் தோணல."

அம்மா முன்கூடத்தில் உட்கார்ந்தாள். அவளிடமிருந்து வந்த சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. பொம்மைக்காரர் மனைவி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டாள். கொஞ்சத்தில் அவளும் ஆரம்பித்துவிட்டாள். "கோவக்காரரா இருந்தீங்களே, கோச்சிக்கினு போயிட்டீங்களே" என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் கூடவே சொன்னாள். நான் நிலைப்படியருகே சுண்டல் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தின்னலாமா கூடாதா என்று தெரியவில்லை.

எங்களைத் தேடிக்கொண்டு அப்பா சைக்கிளில் வந்தார். சத்தத்தைக் கேட்டுத் தெருவிலேயே இறங்கினார். அவர் முகத்தைப் பார்த்து நான் நிலைப்படியோடு ஒட்டிக்கொண்டேன். வாசல் வரைக்கும் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

பொம்மைக்காரர் மனைவி அழுகைக்கு நடுவிலேயே தலையைத் தூக்கி, "கொஞ்ச நேரம் இருக்கட்டும்பா," என்றாள்.

அப்பா சைக்கிளைச் சுவரோரம் சாத்தினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். வாசற்படியில் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டுக்காரர் கோயிலுக்குப் போய்விட்டு மனைவியோடு வந்துகொண்டிருந்தார். நின்றார். "யாருப்பா உள்ள? பண்டிகை நாள்ல இன்னா சத்தம்?"

அப்பா எழுந்து நின்றார். "எங்க வூட்லதாங்க. துக்கத்துக்கு வந்திருக்கோம்."

"இப்பவா? காரியமெல்லாம் முடிஞ்சி எவ்ளோ நாளாச்சி. அவரு உங்களுக்கு இன்னா வேணும்?"

அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"ரொம்ப வேண்டியவருங்க," என்றார். சொல்லிவிட்டு மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.